ஒரு சாட்சி, இரண்டு பெட்டி

ஜனவரி 2, வெள்ளி

பெட்டி எப்போது நின்றது, எதனால் நின்றது என்று தினமும் எழுதி வையுங்கள் அக்கா என்று கோயம்புத்தூரிலிருந்து இந்துஜா சொன்னாள். எங்கள் மில்களுக்குச் சங்கிலி போட்டுக் கொடுத்த கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். சரியென்று ஒரு டைரி எடுத்தேன். பெட்டியைப் பற்றி எழுத ஒரு வரிக்கு மேல் கிடையாது. மீதிப் பக்கத்தை வைத்து என்ன செய்வது? புலம்பலாம்.

இன்று பெட்டி நிற்கவில்லை. எனக்கும் உட்கார நேரமில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார், "உங்க மில்லுல என்னமோ பிளாக்செயின் போட்டிருக்கீங்களாமே, காசு ஏறுமுங்களா?" அது ஏறுகிற காசு இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் ரசம் வந்துவிட்டது.

அவருக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்த கல்யாணத்துக்கு உதவும்.

எங்கள் வட்டாரத்துச் சேகோ மில்காரர்கள் ஏழு பேர் சேர்ந்து போட்டது இது. எவனோ ஒருவன் ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலக்கிறான், மும்பை வியாபாரி எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கிறான். அதனால் ஜவ்வரிசிக்கு அரைக்கிற குச்சிக்கிழங்கு எந்தக் காட்டிலிருந்து வந்தது, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட், எந்தக் களத்தில் காய்ந்தது, ஆய்வகத்தில் என்ன முடிவு என்று எல்லாம் சங்கிலியில் ஏறுகிறது. மூட்டை மேலிருக்கும் குறியைப் போனில் காட்டினால் மும்பைக்காரனுக்குத் தெரியும். ஆய்வகம் சுத்தம் என்று பதிந்த உடனே அவன் பணம் தானாக மில்லுக்கு இறங்கும். நடுவில் யாரும் உட்கார்ந்து பிடித்தம் செய்ய முடியாது. பதிவுக்கு ஆகும் செலவு ஒரு வெற்றிலைக்குக்கூடக் காணாது. ஏறியதை அழிக்க யாராலும் முடியாது, ஏற்றியவராலேயே முடியாது.

ஏற்றுவது சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஏழு மில்லிலும் இருக்கிற ஏழு பெட்டிகள். சாட்சிப் பெட்டி என்போம். அர்த்தநாரி அண்ணன், எங்கள் ஏழு பேருக்கும் தலைவர், முதல் கூட்டத்தில் கேட்ட முதல் கேள்வி, "கரண்டு எவ்வளவு இழுக்கும் அம்மணி?" ஒரு ஃபேன் அளவுதான் என்றேன். பழைய மாதிரிச் சங்கிலிகளில் யார் முதலில் கணக்கை முடிப்பது என்று கம்ப்யூட்டர்கள் போட்டிபோட்டே கரண்ட்டைக் குடிக்கும். இதில் அந்தப் போட்டி இல்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு மில்லும் ஒரு தொகையை உள்ளே கட்டி வைத்திருக்கிறது. அண்ணன் பாஷையில் ஜாமீன். பொய்க் கையெழுத்துப் போட்டால் ஜாமீன் வெட்டப்படும். அவ்வளவுதான் விஷயம்.

பெட்டி அணைந்துபோனால் சின்னக் குற்றம், கொஞ்சம் உதிரும். மற்ற ஆறும் பார்த்துக்கொள்ளும். ஒரே மில்லின் கையெழுத்து ஒரே பதிவுக்கு இரண்டு இடத்திலிருந்து விழுந்தால் பெரிய குற்றம். ஜாமீனில் பெரிய துண்டு போகும், மில்லும் வெளியே போகும். ஒரு சீசன் முழுக்கத் திரும்ப முடியாது. மற்றவர்கள் ஓட்டுப் போட்டுச் சேர்த்தால்தான் உண்டு. இந்த விதி இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றது நான். கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்த திமிர் இன்னும் போகவில்லை.

ஜனவரி 8, வியாழன்

சேலம். அப்பாவுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. சேந்தமங்கலத்தில் பஸ் ஏறி, ராசிபுரத்தில் மாறி, அம்மாப்பேட்டையில் அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி. வேறு யாருமில்லை, நான் ஒருத்திதான்.

குழாய் மாட்டிய பிறகு அப்பா பேச ஆரம்பிப்பார். "இந்த மிசினு என் ரத்தத்தை எடுத்து அலசிக் குடுத்துருது. உன்னை யாரு கண்ணு அலசிக் குடுக்கறது?" நர்ஸ் சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது, பிறகு கொஞ்சம் வெளியே போய் நின்றேன்.

பெட்டி காலையில் சிறிது நேரம் நின்றது. காரணம்: இன்டர்நெட் லைன்.

ஜனவரி 10, சனி

நின்றது. லைன். மில்லிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். "பெட்டி செவப்பாயிருச்சு வல்லி, என்ன பண்றது?" பஸ்ஸில் நின்றுகொண்டே எந்த ஒயரைப் பிடுங்கி எதில் சொருக வேண்டும் என்று சொன்னேன். கண்டக்டர் என்னைக் கரண்ட் ஆபீஸ்காரி என்று நினைத்துக்கொண்டார்.

ஜனவரி 13, செவ்வாய்

சீசன் உச்சம். சிவராத்திரி விரதத்துக்கு வடக்கே ஜவ்வரிசிதான் சாப்பாடு. மாசக் கடைசிக்குள் எங்கள் லோடு மும்பைக்குக் கிளம்பியாக வேண்டும். போன வருஷம் கமிஷன் மண்டியில் அடிமாட்டு விலைக்குப் போட்டு, மில்லை மூடிவிடலாமா என்று அவர் யோசித்தார். இந்த வருஷம் மூச்சு விடுவது மும்பைக்காரன் ஒருவனை நம்பித்தான். அவன் சங்கிலியில் இருக்கிற மில்லைத் தவிர வேறு யாரிடமும் வாங்க மாட்டான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். காலையில் மில் வாசலில் பானை பொங்கியது, "பொங்கலோ பொங்கல்" என்று கத்திவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன். டிபன் பாக்ஸில் சர்க்கரைப் பொங்கல். அப்பாவுக்கு இரண்டு ஸ்பூன்தான் அனுமதி. குச்சிக்கிழங்கு அவருக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மகளைக் கிழங்கு மில்லில் கட்டிக்கொடுத்தவருக்கு இப்படி ஒரு விதி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையாகத்தான் இருந்தது. "நீ சேலம் போற அன்னைக்கெல்லாம் பாத்து இது செவப்பாகுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஜனவரி 17, சனி

அப்பா வீட்டு அலமாரியில் என் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. தூசி தட்டினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

அம்மாப்பேட்டை வீட்டிலும் ஒரு சாட்சிப் பெட்டி தயார். அதே மில், அதே கையெழுத்து. மில் பெட்டி படுத்துவிட்டால் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே போனில் இதைத் தட்டி எழுப்பலாம். இந்துஜாவிடம் கேட்டேன். அவளுக்கு அரைமனது. "அக்கா, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடவே கூடாது. ஃபர்ஸ்ட் பெட்டி செத்துருச்சுன்னு நினைக்கறது பத்தாது. யாராவது ஒயரைப் புடுங்கி, புடுங்கிட்டேன்னு உங்ககிட்ட சொல்லணும். அதுக்கப்புறம்தான் ரெண்டாவது."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"சந்தேகமா இருந்தா அணைஞ்சே கெடக்கட்டும் அக்கா. ஒண்ணும் குடி முழுகிடாது. ஏழுல அஞ்சு இருந்தாலே சங்கிலி ஓடும். உங்க பெட்டி இல்லாட்டியும் ஓடறதுக்காகத்தான் இப்படிக் கட்டியிருக்கோம்."

அந்தக் கடைசி வாக்கியம் ஏனோ பிடிக்கவில்லை.

அவரிடம் இந்த இரண்டாவது பெட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால், அப்ப இனிமேல் அங்கயே இருந்துக்கலாமே என்பார். சொல்ல மாட்டார்தான். நினைப்பார்.

ஜனவரி 22, வியாழன்

நிற்கவில்லை. பஸ்ஸில் மல்லூர் தாண்டும்வரை தூங்கிவிட்டேன்.

ஜனவரி 24, சனி

பெட்டி நின்றது. காரணம்: கரண்ட்.

ஜனவரி 25, ஞாயிறு

நேற்று எழுதியது போதாது.

அப்பாவுக்குக் குழாய் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். போனில் ஏழு பெட்டிக்கும் ஏழு புள்ளி தெரியும், எங்கள் புள்ளி சிவப்பு. அவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி, எடுக்கவில்லை. வாட்ச்மேன் எடுத்தார். "கரண்டு போயிருச்சுங்கக்கா, ஆபீசே இருட்டாக் கெடக்குதுங்க. அண்ணன் களத்துப் பக்கம் லாரியில நிக்கறாருங்க."

இருட்டு என்றால் பெட்டி செத்ததுதானே. ஒயரைப் பிடுங்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாட்ச்மேனுக்கு எந்த ஒயர் என்று விளக்கத் தெம்பில்லை. சும்மா விட்டிருந்தால் கொஞ்சம் உதிர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் நான் சேலத்தில் இருக்கிற இன்னொரு நாள், இன்னொரு சிவப்பு. வராந்தாவுக்குப் போய் அம்மாப்பேட்டைப் பெட்டியைத் தட்டினேன். புள்ளி பச்சையானது. மூன்று வாரத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று நான் சொன்னபடி கேட்டது. ஆஸ்பத்திரி கேண்டீனில் டீ வாங்கி நிதானமாக, சூடாகவே குடித்தேன்.

டீ முடிவதற்குள் புள்ளியே காணோம். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. ஏழு இருந்த இடத்தில் ஆறு.

ஜனவரி 26, திங்கள்

இந்துஜா காலையிலேயே கூப்பிட்டாள். "அக்கா, ஒரே பதிவுக்கு உங்க கையெழுத்து ரெண்டு வாட்டி விழுந்திருக்கு. ஒண்ணு சேலத்து லைன்ல இருந்து. இன்னொண்ணு ஒரு மொபைல்ல இருந்து. மில் பெட்டியை யாரோ போன் நெட்டுல சேத்து ஓட விட்டிருக்காங்க." பிறகு மெதுவாக, "அழிக்க முடியாதுக்கா. நான் கேட்டுப் பார்த்தேன்" என்றாள். அழிக்க முடியாது என்று அவளுக்கே பாடம் எடுக்கிற அளவுக்கு எனக்குத் தெரியும்.

யாரோ இல்லை. அவர்தான், வாட்ச்மேன் சொன்னார். கரண்ட் போனதும் களத்திலிருந்து ஓடிவந்து, ஜெனரேட்டரைப் போட்டு, நான் பஸ்ஸில் நின்று சொல்லிக்கொடுத்தபடியே ஒயரைச் சொருகி, தன் போனிலிருந்து நெட் கொடுத்திருக்கிறார். ஒரு தப்புமில்லாமல் செய்திருக்கிறார்.

ஜாமீனில் வெட்டு விழுந்தது. மும்பைக்காரன் போனில் பார்க்கிற பக்கத்தில் எங்கள் மில் பெயருக்கு நேரே "இரட்டைக் கையெழுத்து, நீக்கம்" என்று வந்துவிட்டது. அதைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கலப்படக்காரன் என்றுதான் நினைப்பான். எங்கள் ஏழு பேரில் ஒருவரான குழந்தைவேல் அண்ணன் மில்லில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம்.

அவர் இன்று பகல் முழுக்க என்னோடு பேசவில்லை. காபி போட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் காபி போட்டு நான் பார்த்ததில்லை. சர்க்கரை இல்லை. குடித்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

சேலம். அப்பா தூங்கினார்.

வீட்டுக்காரர் தன் போன் நெட்டால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று ராசிபுரத்துச் செல்போன் கடைக்காரனிடம் போய்க் கேட்டாராம், நெட்டு சுத்தமில்லாமல் இருந்தால் கையெழுத்து ரெண்டா விழுமா என்று. கடைக்காரன் விழும் என்றானாம். அவனுக்கென்ன.

ஜனவரி 28, புதன்

இன்றும் காபி. சர்க்கரை இருந்தது. துணியும் அவரே காயப்போட்டார். ஒரு கேள்வி கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்கவில்லை.

ஜனவரி 29, வியாழன்

நாளைக்குக் கூட்டம். மற்ற ஆறு பேரும் ஓட்டுப் போட்டு எங்களைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று. ஓட்டு போனிலேயே போடலாம், சங்கிலியில் அதற்கும் வழி உண்டு. ஆனாலும் முகம் பார்த்துத்தான் பேசணும் என்று அர்த்தநாரி அண்ணன் சொல்லிவிட்டார். சேர்த்துக்கொண்டால் சிவராத்திரி லோடு போகும். இல்லையென்றால் மூட்டை மண்டிக்குத்தான்.

இந்தப் பக்கத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாளைக்கு என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன், எல்லாம் வக்கீல் பேச்சாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

அர்த்தநாரி அண்ணன் மில் மாடியில் கூட்டம். கீழே தொட்டியில் மாவு புளித்த வாடை, மேலே மிக்சரும் டீயும். ஆறு பேரும் வந்திருந்தார்கள். எல்லோரும் எங்களைப் பார்த்தபடியே வேறெதையோ பேசினார்கள்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "செங்கோட்டுவேலு, என்னப்பா நடந்துச்சு?"

நான் வாயைத் திறக்குமுன் அவர் எழுந்துவிட்டார். கூட்டத்தில் எழுந்து பேசுகிற ஆளே இல்லை அவர். "நாந்தானுங்க போட்டேன். அவ சேலத்துல இருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கரண்டு போச்சு, போன்ல போட்டு உட்டேன். கெட்டுப்போச்சு. அவளை ஒண்ணும் கேக்காதீங்க."

நான்கு நாள் அந்தக் காபியைக் குடித்தேன். இந்த மனுஷனை நான்கு நாள் இப்படி நினைக்க விட்டேனே. இதற்கு மேல் விட்டால் நான் மனுஷியே இல்லை.

"நான் போட்டேனுங்க" என்றேன். "எங்கப்பா ஊட்டுல இன்னொரு பெட்டி வெச்சிருக்கேன். இவருக்குத் தெரியாது. இவரு போட்டது தப்பே இல்லீங்க. நான் சேலத்துல இருந்து போட்டதுதான்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரைப் பார்த்தால் ஒரு நொடி யாரென்று தெரியாமல் பார்ப்போமே, அந்தப் பார்வை.

குழந்தைவேல் அண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்தார். "ரெண்டு பேருல யாருங்க போட்டது?"

"ரெண்டு பேருமே போட்டோமுங்க."

"அதைத்தானுங்க சங்கிலியும் சொல்லுது" என்றார் குழந்தைவேல் அண்ணன்.

யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். கெட்ட சிரிப்பில்லை. அர்த்தநாரி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "புருசன் பொண்டாட்டி குழப்பம்ப்பா இது. கலப்படமா பண்ணிப்புட்டாங்க? சேத்துக்கலாம்" என்றார்.

குழந்தைவேல் அண்ணன் விடவில்லை. "சேத்துக்கலாமுங்க. நாளைக்கு நெசமாவே ஒருத்தன் கலப்படத்துக்கு ரெண்டு கையெழுத்துப் போட்டுட்டு, பொண்டாட்டி போட்டான்னு சொல்லுவான். மும்பைக்காரனுக்கு என்ன பதில் சொல்றது? இந்த விதியை எழுதச் சொன்னதே இந்தம்மாதானே."

"நீங்களே சொல்லுங்க அம்மணி" என்றார் தலைவர்.

ஆறு பேரில் நாலு பேர் சேர்க்கத் தயாராக இருந்தார்கள், முகத்திலேயே தெரிந்தது. நான் கொஞ்சம் கெஞ்சியிருந்தால் போதும். "விதி இருக்கட்டுமுங்க" என்றேன். "ஏமாத்தினதுக்கும் அசந்துபோனதுக்கும் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. மும்பையில இருக்கறவனுக்கும் தெரியாது. எங்களுக்காக ஒரு தடவை வளைச்சா அப்புறம் உங்க ஆறு பேரு கையெழுத்தையும் ஒருத்தனும் நம்ப மாட்டான். இந்த சீசன் நாங்க வெளிய இருக்கோம்."

நியாயத்துக்காகச் சொன்னேன் என்றுதான் அங்கே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார், எனக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. இனிமேல் பச்சையா சிவப்பா என்று பார்க்க வேண்டாம். இதற்காகத்தான் சொன்னேனா? தெரியவில்லை.

வேனில் திரும்பினோம். புதுச்சத்திரம் தாண்டியதும் அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அங்க ஒண்ணு வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"ஜெனரேட்டர் போட்டுட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ உங்கப்பனை அப்படியே உட்டுப்போட்டு பஸ் ஏறி ஓடியாந்துருவே. எத்தனை நாளா பாக்கறேன். உக்காந்து ஒரு வாய் சோறு தின்னு நான் பாத்தே மாசமாச்சு." கியர் மாற்றினார். "அதான், நாமளே போட்டுப் பாக்கலாம்னு."

நான் அழுதேன். அவர் வேனை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மற்ற ஆறு மில் லாரிகளும் கிளம்பிவிட்டன என்று சொன்னார்கள். எங்கள் மூட்டைகள் நாளைக்கு மண்டிக்குப் போகின்றன. மண்டிக்காரன் சொல்கிற விலைதான். மாசி பிறந்ததும் மில்லை நிறுத்திவிடுவது என்று முடிவு. களத்துப் பெண்களிடம் அவரே சொன்னார். ஒரு அக்கா, "அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவீங்கல்ல?" என்று என்னிடம் கேட்டார். கூப்பிடுவோம் என்றேன். கூப்பிட முடிய வேண்டும். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வெள்ளிக்கிழமை வந்த லேசெல்லாம் போய்விட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று சேலத்துக்கு அவர் போனார். "நான் போறேன், நீ இரு" என்றார். எந்தப் பஸ், அப்பாவின் ஃபைல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் படுக்கச் சொல்ல வேண்டும் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனேன். "போதும் புள்ள" என்று செருப்பை மாட்டினார்.

பெட்டி அணைந்திருக்கிறது. ஆபீஸில் ஃபேன் சத்தம் மட்டும்தான். சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் படுத்தேன். மத்தியானம் அப்பா போன் செய்தார், குழாயோடு படுத்தபடி.

"மாப்பிள்ளை வந்திருக்காரு கண்ணு. பக்கத்து நாக்காலியில நல்லாத் தூங்கறாரு. நீ வரலையா?"

"இல்லைப்பா."

"ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"நல்லாத்தான் இருக்கேன். இங்கதான்ப்பா இருக்கேன்."

போனில் மெஷின் சத்தம் கேட்டது.

"சரி சாமி" என்றார். "அங்கயே இரு."